சனோட் வரைபடத்தில் மூலைக்கு மூலை இருக்கிற எண் எதைச் சொல்லுது?

வரைவுமேசை (நாகர்கோவில்)

பாங்காக்ல ஒரு கிடங்கு மனைக்கு சைட் பிளான் வரைஞ்சு கொடுக்கணும். பார்ட்டி அனுப்பியிருக்கிறது ‘சனோட்’னு அவங்க சொல்லுற நிலப்பத்திரத்தோட முன்பக்க ஸ்கேன் மட்டும்தான். மேல சிவப்பு கருடன் முத்திரை, நடுவுல மனையோட படம். மனைக்கு ஆறு மூலை. அஞ்சு மூலையில சின்ன வட்டம் போட்டு, பக்கத்துல ஒரு தாய்லாந்து எழுத்தும் நாலு இலக்க எண்ணும் எழுதியிருக்கு. ஆறாவது மூலையில எண் ஒண்ணும் இல்லை. படத்துக்கு உள்ளேயும் வெளியேயும் வேற சில எண்கள். அளவுகோல் 1:1000. பரப்பு 1-2-35.6. பக்க நீளம் மட்டும் எங்க தேடியும் காணல.

கேள்வி நாலு. மூலையில உள்ள எண் தூரமா, வரிசை எண்ணா? 1-2-35.6 நம்ம சென்ட் கணக்குல எவ்வளவு? ஸ்கேனை ஆட்டோகேட்ல வச்சு கோடு இழுத்து பக்க நீளம் எடுத்தா தப்பா? இதை கூகுள் எர்த்துல சரியான இடத்துல உட்கார வைக்க வழி உண்டா?

*

கையாலைஓரம் (தக்கலை)

நம்ம எப்.எம்.பி. (சர்வே துறையோட புல அளவைப் படம்) மாதிரிதான் இருக்கும். மூலை எண்ணைப் பிடிச்சு வரிசையா சுத்தி வந்தா எல்லை கிடைச்சிரும். நீளம் தனித்தாள்ல இருக்கும், கேட்டு வாங்குங்க.

*

ராவாங்47

தனித்தாள் உண்டுங்கிறது சரி. வரிசையா சுத்தி வரலாம்ங்கிறது தப்பு. அதை நம்பி வரைஞ்சா படம் கோணிப் போயிரும்.

அந்த எண் கல்லோட பேரு. தாய்லாந்துல எல்லைக்கல்லுக்கு ‘லக் கேத்’னு சொல்லுவாங்க. கேத் வேற ஒண்ணும் இல்லை, நம்ம க்ஷேத்திரம் அங்க போய்த் தேஞ்ச சொல். கான்கிரீட்ல வார்த்த கல், தலையில எழுத்தும் எண்ணும் பதிச்சிருக்கும். சிலதுல எழுத்துக்கு முன்னாலயும் ஒரு எண் வரும். நடும்போது எந்தக் கல் கைக்கு வந்துதோ அதோட எண்தான் பத்திரத்துல ஏறும். அதனால ஒரு மூலையில 4521 இருக்கும், அடுத்த மூலையில வேற எழுத்தோட 0387 இருக்கும். பின்னால வந்த அளவையில ஒரு கல் மட்டும் புதுசா நட்டிருந்தா அதுக்கு ஒட்டாத எண்தான் வரும். அதைப் பார்த்து படம் தப்புன்னு முடிவு கட்டாதீங்க.

இந்த எண்ணால உண்மையான பிரயோஜனம் இரண்டு. ஒண்ணு, தரையில கல்லைத் தோண்டிப் பார்த்தா தலையில உள்ள எண்ணும் பத்திரத்துல உள்ள எண்ணும் ஒண்ணான்னு பார்க்கலாம். கல்லைப் பிடுங்கி நகர்த்தி நட்டாலும் எண் மாறாது, அதனால எண் பொருந்தினா மட்டும் இடம் சரின்னு ஆகிடாது. ஆனா எண் பொருந்தலன்னா அது அந்தப் பத்திரத்துல சொன்ன கல் இல்லை, அது உறுதி. இரண்டாவது, இரண்டு மனைக்கும் பொதுவான மூலைன்னா ரெண்டு பத்திரத்துலயும் அதே கல் எண் வரணும். பக்கத்து மனை பத்திரத்தோட நகல் கிடைச்சா முதல்ல இதை ஒப்பிடுங்க. வேற வேற எண் இருந்தா ஒரு பத்திரம் பழைய அளவையில நிக்கலாம்.

எழுத்தை நீங்க தமிழ்ல மாத்தி எழுதாதீங்க. தாய்லாந்து எழுத்துல 44 மெய் உண்டு, பாதிக்கு ஒரே ஓசை. அந்த மூலையை மட்டும் படமா வெட்டி உங்க வரைபடத்துல ஒட்டுங்க. பழைய கையெழுத்துப் பத்திரமா இருந்தா எண்ணும் அவங்க இலக்கத்துலயே இருக்கும். 4-ம் 5-ம் ஒரு சுழியில மட்டும்தான் வித்தியாசப்படும், மங்கலான ஸ்கேன்ல ஏமாத்திரும்.

மத்த எண்கள்: படத்துக்கு உள்ள பெருசா இருக்கிறது இந்த மனையோட நில எண். சுத்தி இருக்கிறது பக்கத்து மனைகளோட நில எண். நில எண் ஒரு வரைபடத் தாளுக்குள்ள மட்டும்தான் தனித்தன்மை உள்ளது. மேல வலது பக்கம் இருக்கிற பத்திர எண் வேற, அது மாகாணத்துக்குக் கீழ உள்ள ‘அம்போ’ அளவுல ஓடுற வரிசை. இந்த ரெண்டையும் குழப்பி நில அலுவலகத்துல கேட்டா வேற எவனோட மனையோ வந்து நிக்கும். சுத்தி எண்ணுக்குப் பதிலா எழுத்து இருந்தா அது பொதுவழியோ கால்வாயோ. ‘சாதாரணப்ரயோத்’னு முடிஞ்சா நம்ம சாதாரண பிரயோஜனம்தான், அதாவது பொதுப் பயன்பாடு. ‘குலோங்’னா கால்வாய்.

பரப்புக்கு: 1-2-35.6-ன்னா 1 ராய், 2 ஙான், 35.6 சதுர வா. (ங-வுக்கு ஒரு சொல் ஆரம்பிக்க வாய்ப்பு கிடைச்சது அந்த ஊர்லதான்.) ஒரு வா 2 மீட்டர். ரெண்டு கையையும் விரிச்சா வர்ற நீளம், குளச்சல்ல ஆழம் பார்க்கிறவங்க சொல்லுற பாகம் மாதிரி. ஒரு சதுர வா 4 சதுர மீட்டர். 100 சதுர வா ஒரு ஙான், 4 ஙான் ஒரு ராய். ஆக ஒரு ராய் 1,600 சதுர மீட்டர், நம்ம கணக்குல 39.54 சென்ட். உங்க மனை 400 + 200 + 35.6 = 635.6 சதுர வா, அதாவது 2,542.4 சதுர மீட்டர், 62.82 சென்ட். நம்ம பட்டா வழக்கத்துல ஆர் கணக்கு வேணும்னா 25.42 ஆர்.

பத்திரத்துல தேதி 25-ல ஆரம்பிக்கும் வருஷமா இருந்தா அது புத்த வருஷம், 543 கழிச்சுக்கிடுங்க. 2566-ன்னா 2023.

*

பழையசங்கிலி (மார்த்தாண்டம்)

தம்பி, மூணாவது கேள்விக்கு நான் சொல்லுதேன்.

நம்ம எப்.எம்.பி.யும் அவங்க படமும் நேர் எதிர். நம்மகிட்ட கல்லுக்குப் பேரு இல்லை, அளவு உண்டு. ஜி-லைன் (கல்லுக்குக் கல் பிடிக்கிற அடிப்படைக் கோடு) நீளம், அதுல எத்தனை மீட்டர்ல ஆப்செட் (அந்தக் கோட்டுல இருந்து செங்குத்தாப் பிடிக்கிற தூரம்) எடுத்தாங்க, ஆப்செட் எவ்வளவு, எல்லாம் தாள்லயே இருக்கும். கையாலை கட்டினவன் கல்லை உள்ள வச்சுப் பூசினாலும், ரப்பர் நட ஜே.சி.பி. விட்டு கல்லு போனாலும், மீதி கிடக்கிற ரெண்டு கல்லை வச்சு அத்து (எல்லை) காட்டிரலாம். சனோட்ல கல்லுக்குப் பேரு உண்டு, அளவு இல்லை. அளவெல்லாம் நில அலுவலகத்துல உள்ள கள வரைவுல கிடக்கு. பத்திரத்துல இருக்கிற படம் வடிவத்தையும் பக்கத்து மனையையும் அடையாளம் காட்டத்தான். அதுல இருந்து நீளம் எடுத்தா உங்களுக்குக் கிடைக்கிறது ஒரு உத்தேசம்.

எவ்வளவு உத்தேசம்னு கணக்குப் போட்டுப் பாருங்க. 1:1000-ல கோட்டோட தடிப்பு 0.3 மி.மீ.ன்னா தரையில 30 செ.மீ. அதாவது கோட்டோட இந்த ஓரத்துல பிடிக்கிறதா அந்த ஓரத்துல பிடிக்கிறதாங்கிறதுலயே ஒரு அடி போச்சு. 1:4000-ஆ இருந்தா 1.2 மீட்டர். இது போக காகிதம் சுருங்கினது, மடிச்ச மடிப்பு, ஸ்கேனர் இழுத்தது.

சோதனைக்கு ஒரு வழி: 2,542.4 சதுர மீட்டர் 1:1000-ல காகிதத்துல 25.42 சதுர செ.மீ. வரணும். ஸ்கேனை நூறு சதவீதத்துல வச்சு வட்டங்களோட மையத்தை இணைச்சு பாலிலைன் போடுங்க. பரப்பு என்ன வருதுன்னு பாருங்க. வட்டத்தோட விளிம்பைப் பிடிக்காதீங்க, கல்லோட மையம்தான் புள்ளி.

அப்புறம் ஸ்கேனுக்கு: பத்திரத்து மேல ஒரு ஸ்டீல் அடிக்கோலைக் கிடையா ஒருமுறை, நெட்டுக்குத்தா ஒருமுறை வச்சு ஸ்கேன் எடுத்து அனுப்பச் சொல்லுங்க. மொபைல்ல எடுத்த போட்டோ வேண்டாம், ஆப்பு தானா நேராக்குதேன்னு சொல்லி ஒரு பக்கத்தை இழுத்துரும். ரெண்டு அடிக்கோலும் ஒரே விகிதத்துல வந்தா ஒரு ஸ்கேல் பேக்டர் போதும். வேற வேற வந்தா எக்ஸ்-க்கும் ஒய்-க்கும் தனித்தனியா திருத்தணும், ஒரே பேக்டர் போட்டா பரப்பு சரியா வரும், கோணம் கெட்டுப் போகும். அதுதான் ஆபத்து. பரப்பு பொருந்திட்டுன்னு நிம்மதியா இருப்பீங்க, கட்டடம் ஒரு பக்கம் எல்லைக்கு வெளிய போய் நிக்கும்.

*

கையாலைஓரம்

சரி, வரிசை எண்ணுன்னு சொன்னதை வாபஸ் வாங்குதேன். ஆனா நாலாவது கேள்விக்கு லேண்ட்ஸ்மேப்ஸ்னு அவங்க நிலத்துறையோட தளம் உண்டே. மாகாணம், அம்போ, பத்திர எண் கொடுத்தா மனை வரைபடத்துல வந்திரும். அதுல இருந்து மூலை அட்சரேகை எடுத்தா போதாதா?

*

ராவாங்47

மனை எங்க இருக்கு, ரோடு எந்தப் பக்கம், பக்கத்துல என்ன இருக்குன்னு பார்க்க அது நல்ல தளம். மூலைக்கு மூலை ஆயத்தொலைவு எடுக்க இல்லை. அது பல காலத்துத் தாள்களை ஒட்டுப் போட்டது, செயற்கைக்கோள் படத்து மேல மனைக்கோடு நகர்ந்து உட்காரும். மதில்சுவர் மேல கோடு போகலன்னு ஆக்கிரமிப்புன்னு கிளம்பாதீங்க.

இடத்தைக் கண்டுபிடிக்க பத்திரத்துலயே சாவி இருக்கு: மேல இடது பக்கம் ‘ராவாங்’, அதாவது வரைபடத் தாள் எண். நீங்க அதை மறைச்சிருக்கீங்க, உதாரணத்துக்கு பாங்காக்ல 5136, ரோமன் மூன்று, 6618-ன்னு வச்சுக்கிடுவோம். 5136 என்கிறது 1:1,00,000 தாளோட எண், ரோமன் எண் அதோட கால்பகுதி, அதாவது ஒரு 1:50,000 தாள். 6618-ல 66 கிழக்கு, 18 வடக்கு: தாளோட தென்மேற்கு மூலை கிழக்கே 666 கி.மீ., வடக்கே 1518 கி.மீ. முன்னால உள்ள 6-ம் 15-ம் எழுத மாட்டாங்க, அந்தக் கால்பகுதியை வச்சு நீங்களே சேர்க்கணும். 1:4000 தாள் 50-க்கு 50 செ.மீ., தரையில 2 கி.மீ.க்கு 2 கி.மீ., சரியா 2,500 ராய். 1:1000 தாளா இருந்தா அதைப் பதினாறா வெட்டியிருப்பாங்க, எண்ணுக்குப் பின்னால 1-ல இருந்து 16 வரை ஒரு எண் வரும், ஒரு துண்டு 500 மீட்டருக்கு 500 மீட்டர்.

இப்போ எல்லாரும் விழுற பள்ளம். அந்த ஆயத்தொலைவு இந்தியன் 1975 என்ற அடித்தளத்துல (டேட்டம், அதாவது ஆயத்தொலைவுக்கு ஆதாரமா எடுத்துக்கிட்ட பூமி வடிவம்) உள்ளது, எவரெஸ்ட் நீள்கோளம். கூகுள் எர்த் டபிள்யூ.ஜி.எஸ். 84. மாத்தாம அப்படியே வச்சா மனை சில நூறு மீட்டர் தள்ளி வேற எவன் வீட்டு மேலயோ உட்காரும். கியூஜிஸ் என்கிற வரைபட மென்பொருள்ல பாங்காக்குக்கு இ.பி.எஸ்.ஜி. (ஆயத்தொலைவு முறைக்குள்ள குறியீட்டு எண்) 24047 போட்டு 32647-க்கு மாத்துங்க. 102 பாகைக்குக் கிழக்கே உள்ள மாகாணம்னா 24048, 32648. மாத்துற வழி ஒண்ணுக்கு மேல காட்டும், தாய்லாந்துக்கு உள்ளதைத் தேர்ந்தெடுங்க, இல்லாட்டி மீட்டர் கணக்குல பிசகும்.

தாள் எண் இந்த அமைப்புல இல்லாம, எண்ணோட திசை எழுத்து சேர்ந்து ரெண்டு துண்டா இருந்தா அது யூ.டி.எம். (மேல சொன்ன கிழக்கு, வடக்கு மீட்டர்க் கட்ட முறை) வர்றதுக்கு முந்தின உள்ளூர்த் தொடக்கப்புள்ளி முறை. அதுக்கு மேல சொன்ன கணக்கு செல்லாது, கையை வச்சுக்கிட்டு சும்மா இருங்க.

இன்னொண்ணு, கேட்காததை சொல்லுதேன். பின்பக்கத்தையும் வாங்குங்க. முன்பக்கம் மட்டும் வச்சு எவனும் பிளான் போடக் கூடாது. பின்பக்கத்துல பதிவுப் பட்டியல் இருக்கும்: தேதி, பதிவு வகை, கொடுத்தவர், வாங்கினவர், ஒப்பந்தப் பரப்பு, மீதிப் பரப்பு, புதுப் பத்திர எண். ‘பேங் யேக்’னு ஒரு வரி இருந்தா மனையில ஒரு துண்டு பிரிச்சுக் கொடுத்திருக்காங்க. அப்போ உங்க கையில இருக்கிற முன்பக்கப் பரப்பு பழசு, மீதிப் பரப்புப் பத்தியில உள்ளதுதான் கணக்கு. படத்துல கல் எண்ணும் மாறியிருக்கலாம்.

*

வரைவுமேசை

ரொம்ப நன்றி. பின்பக்கம் வந்தாச்சு. ஒரு விற்பனை, ஒரு அடமானம், அவ்வளவுதான். பிரிவினை இல்லை. தாள் எண் யூ.டி.எம். அமைப்புதான், பின்னால 12-ன்னு இருக்கு. மையத்துக்கு மையம் போட்டதுல காகிதப் பரப்பு 24.60 சதுர செ.மீ. வருது. அடிக்கோல் வச்ச ஸ்கேன்ல கிடையும் நெட்டும் ஒரே விகிதம்.

ரெண்டு சந்தேகம். 24.60-ஐ 25.42-ஆ ஆக்க எவ்வளவு பெருக்கணும்? எண் இல்லாத ஆறாவது மூலையை என்ன செய்ய? அது கால்வாய்ப் பக்கம் இருக்கு.

*

பழையசங்கிலி

25.424-ஐ 24.60-ஆல வகுத்தா 1.0335. அது பரப்புக்கு. நீளத்துக்கு வர்க்கமூலம், 1.0166. நிறைய பேர் 1.0335-ஐயே ஸ்கேல் கமாண்ட்ல அடிச்சிருவாங்க, பரப்பு மூணு சதவீதம் கூடிப் போகும். 60 மீட்டர் பக்கத்துக்கு 1.66 சதவீதம்னா ஒரு மீட்டர் வித்தியாசம். ஒரு மீட்டர் போனா பின்னடைவு இடைவெளியே (எல்லையில இருந்து கட்டடத்துக்கு விட வேண்டிய தூரம்) கெட்டுப் போகலாம். அதனால இந்தப் படத்துல பக்க நீளத்தை ரெண்டு தசமத்தோட எழுதி டைமென்ஷன் போடாதீங்க. பார்க்கிறவன் அளந்ததுன்னு நினைப்பான்.

*

ராவாங்47

எண் இல்லாத மூலைக்கு நீங்களா எண் கற்பிக்க வேண்டாம். வட்டமும் போட வேண்டாம். ‘கல் எண் பத்திரத்தில் இல்லை’ன்னு எழுதுங்க. கரையோரத்துல கோடு நேரா இருக்கா வளைவா இருக்கான்னு பெரிதாக்கிப் பாருங்க. வளைவா இருந்தா மூலைகளை நேர்கோட்டால இணைச்சு வச்சிருக்கிற உங்க பாலிலைன் தப்பு, பரப்பு குறைவா வந்ததுல கொஞ்சம் அதுலயும் இருக்கலாம். அப்படின்னா 1.0166-ஐப் போடுறதுக்கு முன்னால வளைவைச் சரியா இழுத்து பரப்பைத் திரும்ப எடுங்க. நீர்நிலை ஓரம்னா இன்னொரு சிக்கலும் உண்டு: கரையில தானா ஒதுங்கிச் சேர்ற மண் ஒட்டிய மனைக்காரருக்குச் சேரும்னு அவங்க சிவில் சட்டம் 1308-ம் பிரிவு சொல்லுது. பத்திரத்துல உள்ள கரையும் இன்னைக்குள்ள கரையும் ஒண்ணா இருக்கணும்னு இல்லை.

கட்டடம் எல்லையை ஒட்டி வருதுன்னா பார்ட்டிகிட்ட நேரா சொல்லிருங்க: ‘சோப் கேத்’ போடணும். எல்லை சரிபார்ப்பு அளவைக்கு அதுதான் பேரு. மனை இருக்கிற எல்லைக்குட்பட்ட நில அலுவலகத்துல மனு, பத்திரம், அடையாள அட்டை, முன்பணம். சொந்தக்காரர் வர முடியலன்னா நிலத்துக்கான அதிகாரப் பத்திரம், தோ.தோ.21 என்கிற படிவம். கல்லுக்குக் கட்டணம் ஒண்ணுக்கு 15 பாட்தான், செலவு ஆகுறது ஆள்கூலியிலயும் பயணத்துலயும். அளவு அன்னைக்கு சொந்தக்காரர்தான் எல்லையைச் சுட்டிக் காட்டணும், அளவையர் வந்து கண்டுபிடிச்சுத் தருவார்னு வீட்ல இருக்கக் கூடாது. பக்கத்து மனைக்காரங்களுக்கு அறிவிப்பு போகும், அவங்க வந்து எல்லைக்கு ஒப்புதல் கையெழுத்துப் போடணும். முறைப்படி அறிவிச்சும் வரல, இல்ல வந்தும் கையெழுத்தும் போடாம எதிர்ப்பும் சொல்லலன்னா, நிலச் சட்டம் 69 ட்வி பிரிவுப்படி 30 நாள் கழிச்சு வேலை நடக்கும். எதிர்ப்பு வந்து சமரசமும் ஆகலன்னா 90 நாளுக்குள்ள நீதிமன்றம் போகச் சொல்லுவாங்க. பிளான் போடுற கால அட்டவணையில இதைச் சேர்த்துச் சொல்லுங்க.

இதெல்லாம் சிவப்பு கருடனுக்குச் சொன்னது. வேற மனைக்கு பச்சைக் கருடன் வந்தா, அதாவது நோ.சோ.3 கோ, அது வான்படத்துல இருந்து வரைஞ்சது. மூலையில கல் எண் தேடாதீங்க. கறுப்புக் கருடன் நோ.சோ.3 இன்னும் மோசம், தாளோட பொருந்தாம தனியா நிக்கிற படம். எல்லை நம்ம பழைய பிரமாணத்துல எழுதுற நான்கெல்லை மாதிரி, இந்தப் பக்கம் இன்னார் நிலம், அந்தப் பக்கம் ஓடைன்னு போகும். அதை வச்சு ஸ்கேல் பண்ணி பிளான் கேட்டா வேலையை எடுக்காதீங்க.

*

வரைவுமேசை

பெரிதாக்கிப் பார்த்தேன், கால்வாய்ப் பக்கம் மெல்லிசா ஒரு வளைவு இருக்கத்தான் செய்யுது. ஆர்க் போட்டு எடுத்தா 24.93. நீளத்துக்கு 1.0099 வருது.

*

பழையசங்கிலி

ஒரு சதவீதம். ஸ்கேனர் இழுத்ததுக்கு அது ஒக்கும். அடிக்கோல்ல வந்த விகிதமும் அதுக்குக் கிட்டத்துல நிக்குதான்னு பாருங்க. நின்னா படத்துல அதைப் போட்டு, கீழ ‘பத்திர வரைபடத்திலிருந்து உத்தேசமாக எடுத்தது, கள அளவை அல்ல’ன்னு பெரிய எழுத்துல எழுதி அனுப்புங்க. எழுத்து சின்னதா இருந்தா கான்ட்ராக்டர் படிக்க மாட்டான் மக்கா.